அண்ணனுக்குப் போட்ட டர்போ

கார் ஓட்டத் தெரிந்தவனுக்கெல்லாம் இஞ்சினைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். ஓட்டத் தெரியாதவனுக்கு இரண்டு இருக்கும். அதில் பாதிக்கு மேல் டர்போவைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்பது எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவனின் அனுபவம். இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் அந்த டர்போவைச் சின்ன காருக்கு மாட்டிக்கொடு என்று பட்டறைக்கு வருகிறவர்களை அவன் உட்கார வைப்பான், டீ வாங்கிக் கொடுப்பான், சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வான், கடைசியில் "வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவான். பழுதான டர்போக்களைச் சரிசெய்துதான் அவன் பிழைப்பே ஓடியது. அவனே வேண்டாம் என்றால் ஜனங்களுக்கு வேடிக்கையாக இருக்காதா? 'வேணாம்' என்றே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால், வேணாத்துக்கிட்ட காட்டினியா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

வருகிறவர்கள் கதை கதையாய் அளப்பார்கள். பழைய இரும்புக்கடையிலிருந்து ஒரு டர்போவைப் பிடுங்கி வந்து மாட்டிவிட்டால் சின்ன கார் பெரிய காரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்பான் ஒருவன். டர்போ போட்டால் பெட்ரோல் மிச்சம், காற்றுதான் சும்மா கிடைக்கிறதே என்பான் இன்னொருவன். காற்று சும்மாதான் கிடைக்கும், அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை உங்க மாமனாரா ஊத்துவார் என்று வேணாம் கேட்பான். வண்டியை நிறுத்தியவுடன் இஞ்சினை அணைத்தால் டர்போ செத்துவிடும் என்று நம்பி, வீட்டு வாசலில் வெகுநேரம் உறுமவிட்டு அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இருந்தார். மலை ஏறி இறங்கிய வண்டிக்கு அது சரி, முனைக்கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்த வண்டிக்கு எதற்கு என்றால் அவர் காதில் ஏறாது.

இவற்றிலெல்லாம் அவனுக்குச் சிரிப்புதான் வரும். எரிச்சல் வருவது ஒரே ஒரு பேச்சுக்குத்தான். கம்பெனிக்காரன் எப்போதும் கொஞ்சம் அடக்கித்தான் வைத்திருப்பான், நீ அதைத் திறந்துவிடு போதும் என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொல்வார்களே, அந்தப் பேச்சு. மிச்சம் வைத்திருப்பது உண்மைதான். கொளுத்தும் வெயிலுக்கும், கலப்படப் பெட்ரோலுக்கும், ஆயில் மாற்ற மறந்துபோகும் சோம்பேறிக்கும், வண்டிக்கு வயதாகும் காலத்துக்கும் வைத்த மிச்சம் அது. உள்ளே காற்றைத் தள்ளுவது பெரிய வித்தை இல்லை, எரிந்த புகை வெளியே போக வழி இருக்கிறதா என்று முதலில் பார் என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம்.

இத்தனை பேரைத் திருப்பி அனுப்பியவனால் திருப்பி அனுப்ப முடியாத ஆள் ஒருவர் உண்டு. கூடப்பிறந்த அண்ணன். அண்ணனுக்கு வாடகைக் கார் ஓட்டும் தொழில். டர்போ இல்லாத, உள்ளங்கையளவு வெள்ளைக் கார். நான்கு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் மேட்டில் அது முனகும். அண்ணன் ஏசியை அணைத்துவிட்டு, பின்னால் இருப்பவர்களிடம் ஜன்னல் காற்று உடம்புக்கு நல்லது என்று உபதேசம் செய்வார். அந்தக் காரை ஓட்டித்தான் அவர் தம்பியைத் தொழில் பழக அனுப்பினார், பட்டறைக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "டேய், ஊருக்கெல்லாம் பாக்குற. என் வண்டிக்கு ஒரு டர்போ போட்டுக் குடுடா."

வேணாம் காரணம் சொல்வான். இந்த இஞ்சின் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதில்லை, கேஸ்கெட் வெடிக்கும், பிஸ்டன் உருகும் என்பான். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வாரம் மறுபடியும் கேட்பார். ஒருநாள் அவரே கடையிலிருந்து ஒன்றை வாங்கி வந்துவிட்டார். காற்றுக்குழாய்க்குள் செருகும் ஒரு சின்ன பிளாஸ்டிக் விசிறி. பெட்டியின் மேல் டர்போ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பேட்டரியில் கொடுத்து ஓடவிட்டு எதிரே ஒரு காகிதத்தைப் பிடித்தார்கள். காகிதம் ஏதோ யோசிப்பதுபோல் லேசாகத் தலையாட்டியது. இது ஈரத் தலையைக்கூடக் காயவைக்காது என்று தம்பி சொன்னான். அண்ணன் கேட்கவில்லை. அதை மாட்டிக்கொண்டு, மேட்டில் வண்டி பறக்கிறது என்று கடைசிவரை சாதித்தார். மேட்டில் அது எப்போதும்போல் முனகிக்கொண்டுதான் இருந்தது.

அந்த மனிதருக்குத்தான் மூச்சுக் கோளாறு வந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஜன்னலுக்கு வெளியே, அந்தக் கையில் எப்போதும் சிகரெட் என்று ஓட்டியவர். நுரையீரல் சல்லடையாகிவிட்டது. முதலில் படியேறும்போது மூச்சு வாங்கியது, பிறகு செருப்பு மாட்டும்போது, பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. போன நுரையீரல் திரும்பி வராது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்து, சொன்னபடி நடந்துகொண்டால் இன்னும் சில வருஷங்கள் இருப்பார் என்றும் சொன்னார். அந்தச் சில வருஷங்களை வேணாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அப்பா அம்மா இல்லாத அவனுக்கு இந்த உலகத்தில் 'டேய்' என்று கூப்பிட மிச்சமிருந்தது அந்த ஒரு வாய்தான்.

மெஷின் வந்து அண்ணனின் கட்டில் அருகே உட்கார்ந்தது. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் மிதக்கும் ஒரு சின்னப் பந்து, கீழே ஒரு திருகு. திருகைத் திருப்பினால் பந்து ஏறும், ஆக்சிஜன் கூடும். வாராவாரம் வந்து பார்க்கும் நர்ஸ், கண்ணாடியில் தாழ்வான ஒரு கோட்டின்மேல் பிளாஸ்திரித் துண்டை ஒட்டி, பந்து இதற்கு மேல் போகவே கூடாது என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேசமாட்டாள், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பாள், நேரம் தவறினால் தன்னையே திட்டிக்கொள்வாள். பிளாஸ்திரிக்கு மேல் பந்து போகக் கூடாது என்றால் போகக் கூடாது, அவ்வளவுதான். அண்ணன் கெஞ்சுவார். ஒரு மயிரிழை கூட்டேன் என்பார். கூட்டமாட்டாள். நீயெல்லாம் பொண்டாட்டியா என்பார். அதற்கும் கூட்டமாட்டாள்.

வேணாம் தினமும் சாயங்காலம் வருவான். மெஷினைப் பார்த்த அன்றே அவனுக்கு அது சொந்தக்காரனைப்போல் ஆகிவிட்டது. மோட்டார், ஃபில்டர், குழாய், வால்வு. இதில் அவனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தான். அடியில் ரப்பர் வைத்து அதிர்வைக் குறைத்தான். மடங்கி நின்ற குழாயை நேராக்கினான். இதெல்லாம் நல்ல வேலைகள்தான், நர்ஸே பாராட்டினாள். அந்தப் பாராட்டுதான் வினையாகப் போயிற்று என்று நான் சொல்வேன்.

ஒருநாள் அவன் வந்தபோது அண்ணனின் உதடு கறுத்து நீலம் பாரித்திருந்தது. குளியலறைக்குப் போய்வந்த களைப்பு. கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் தானே சரியாகியிருக்கும். அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நீயாவது கூட்டுடா என்று கண்ணாலேயே கேட்டார். வேணாம் பிளாஸ்திரியைப் பார்த்தான். எதற்காக இந்த இடத்தில் ஒட்டியிருக்கிறாள், காரணம் கேட்டீர்களா என்று அண்ணியிடம் விசாரித்தான். அவள் கேட்கவில்லை. அவனும் நர்ஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மேலே இன்னும் எத்தனையோ கோடு இருக்கிறது, மெஷினுக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது, இவர்கள் பத்திரத்துக்காகக் கொஞ்சம் அடக்கித்தான் வைத்திருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. பட்டறையில் யாராவது இப்படிப் பேசியிருந்தால் எழுப்பி அனுப்பியிருப்பான். ஆனால் இது பட்டறை இல்லை, மூச்சுக்குத் தவிப்பது எவனுடைய காரோ இல்லை. அவன் திருகைத் திருப்பினான்.

பந்து ஏறியது. சற்று நேரத்தில் அண்ணனின் உதட்டில் சிவப்பு திரும்பியது. தலையணையில் சாய்ந்து, வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"டேய், கடைசியில எனக்கு டர்போ போட்டுட்டியேடா" என்றார்.

அந்தச் சிரிப்புக்காக வேணாம் எதை வேண்டுமானாலும் திருப்பியிருப்பான். மறுநாள் இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

அவன் போனதும் அண்ணி குறைத்துவிடுவாள். அடுத்த நாள் வந்து அவன் கூட்டுவான். பந்து ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒரு சாயங்காலம் அண்ணன் தம்பியிடம் கோள் மூட்டினார். நீ போன அடுத்த நிமிஷம் இவள் என் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள் என்று கண்ணில் நீர் வரச் சொன்னார். வேணாத்துக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சமையலறை வாசலில் நின்று அண்ணியைக் கேட்டான், பட்டறையில் வேலையைக் கெடுக்கும் ஆட்களிடம்கூட அவன் அப்படிப் பேசியதில்லை.

"கரண்ட் பில்லுக்குப் பாக்குறீங்களா அண்ணி? இல்ல, சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருக்கா?"

அண்ணி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவனைப் பார்த்தாள், பிறகு திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அந்தத் திருகைத் தொடவே இல்லை. அவன் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அண்ணன் தூங்க ஆரம்பித்தார். எத்தனையோ மாதமாக உட்கார்ந்தபடியே விழித்திருந்தவர், பகலிலும் அயர்ந்து தூங்கினார். எழுந்தால் தலை வலிக்கிறது என்றார், இரண்டு வார்த்தை குழறினார், மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். வேணாத்துக்கு மனசு குளிர்ந்தது. கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் குறட்டையைக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பான். பட்டறைக்கு வந்தவர்களிடம், அண்ணன் தேறிவிட்டார், நன்றாகத் தூங்குகிறார் என்று கேட்காமலே சொன்னான். அண்ணி மட்டும், இது தூக்கம் மாதிரி இல்லையே தம்பி என்று ஒருமுறை தயங்கிச் சொன்னாள். அவன் நாற்காலியைக் கட்டில் பக்கம் இன்னும் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ஒரு மத்தியானம் அண்ணி போன் செய்தாள். எவ்வளவு உலுக்கியும் அவர் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அண்ணனின் முகத்தில் ஒரு பெரிய மாஸ்க்கை இறுக்கிக் கட்டினார்கள். பிறகு டாக்டர் இரண்டு பேரையும் வெளியே கூப்பிட்டு, ஆக்சிஜன் எவ்வளவில் ஓடியது என்று கேட்டார். வேணாம் சொன்னான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இந்த மாதிரி நுரையீரலுக்கு அளவுக்கு மேல ஆக்சிஜன் குடுத்தா, கெட்ட காத்து வெளிய போகாம ரத்தத்துலயே தங்கிடும். தங்கத் தங்க மூளை மயங்கும். பாக்கத் தூங்குற மாதிரிதான் இருக்கும்" என்றார்.

வேணாத்துக்கு மேற்கொண்டு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சொன்னது முழுதும் அவனுக்கு அந்த நிமிஷமே புரிந்தது, மற்ற யாருக்கும் புரிவதைவிட நன்றாகப் புரிந்தது. புகை வெளியே போக வழி பார் என்று ஊரெல்லாம் சொன்ன வாய், சொந்த அண்ணன் விஷயத்தில் அதைப் பார்க்கவில்லை. அவன் டாக்டரிடம், நான் திருப்பாமல் இருந்திருந்தால் என்று தொடங்கினான். ஏற்கனவே பலவீனமான உடம்பு, இதனால்தான் என்று மட்டும் சொல்ல முடியாது, இப்போது அதைப் பேசி என்ன ஆகப்போகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணி அவனைத் திட்டுவாள் என்று நின்றான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணனின் சட்டையை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்க் வேலை செய்தது. அண்ணனுக்கு நினைவு திரும்பியது. மாஸ்க்கை எடுத்துவிட்டு மறுபடியும் மெல்லிய குழாயைச் செருகி, ஆக்சிஜனை மிகக் குறைவாக வைத்தார்கள். இரண்டு பேரும் கட்டிலருகே போனார்கள். அண்ணன் குழாயைத் தொட்டுப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழலிலும் பந்து அடியில் கிடப்பதைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பை வேணாம் அதுவரை அவர் முகத்தில் கண்டதே இல்லை.

"என் தம்பி போட்ட டர்போவ நீ கழட்டிட்ட, இல்ல? அதான் நான் இங்க வந்து கெடக்கேன்" என்றார், ஒவ்வொரு சொல்லாக மூச்சு வாங்கி.

வேணாம் வாயைத் திறந்தான். அண்ணி முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க. நான்தான் கொறச்சேன்" என்றாள். "தெரியாம பண்ணிட்டேன்."

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கை மட்டும் தம்பியைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. அந்தக் கை பிடித்திருக்கும்போது எப்படிச் சொல்வது? கொஞ்சம் தெம்பு வரட்டும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று வேணாம் நினைத்தான்.

நாளை வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. அண்ணன் மனைவியின் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மறுத்துவிட்டார். தம்பி ஸ்பூனால் கொடுத்தால் குடித்தார். அண்ணி வீட்டிலிருந்து சூப் கொண்டுவந்து வாசலிலேயே அவனிடம் கொடுத்துவிட்டு, அவர் பார்வையில் படாத இடத்தில், கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். இவன் ஊட்டுவான். உன்னை மாதிரி ஒருத்தன் எனக்கு வாய்த்தானே என்று அண்ணன் சொல்வார். ஒவ்வொரு முறையும் உண்மை அவன் நாக்குவரை வந்தது. சொன்னால் அவர் தாங்குவாரா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு விழுங்கினான். அவர் தாங்குவாரா என்பதில்லை, அந்த வாயிலிருந்து வரப்போவதைத் தன்னால் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. அது அவனுக்கும் தெரியும்.

பிறகு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒரு காலையில் அவன் சொல்லியே தீருவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனபோது, அண்ணனுக்குக் காது கேட்கும் நிலை இல்லை. மத்தியானத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக யாரைப் பார்த்தார் என்று வந்தவர்கள் கேட்டார்கள். தம்பியைத்தான் என்று அண்ணியே எல்லோருக்கும் பதில் சொன்னாள். பெண்டாட்டி முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாரே, அப்படி என்ன செய்தாளோ என்று இரண்டு உறவுக்காரர்கள் அவள் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள்.

எல்லோரும் கலைந்துபோன ஒரு பகலில் வேணாம் அந்த வீட்டுக்கு வந்தான். மெஷினை எடுத்துப் போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அண்ணி கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே பேசினான். சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, திருகைத் திருப்பியது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் மேல் ஒரு பேச்சு விழ விடமாட்டேன் என்றான். சமையலறை வாசலில் கேட்ட கேள்விக்காக மன்னிப்பும் கேட்டான். அழுதான். அவள் அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"யார்கிட்ட சொல்லப் போறீங்க தம்பி? கேக்க வேண்டியவர் போயிட்டார்" என்றாள்.

அவள் விரிப்பின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். இரண்டு பேருமாக அதைப் பிடித்து மடித்தார்கள்.

"அன்னிக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா, எம்மேல கோவப்படுறது அவருக்குப் பழக்கம். காலம்பூரா பட்டிருக்கார், தாங்கிக்குவார். உங்கமேல கோவப்பட அவருக்குத் தெரியாது. அந்த நேரத்துக்கு அவர் மூச்சு தங்குனா போதும்னு சொல்லிட்டேன்." மடிப்பைக் கையால் நீவிவிட்டாள். "ஆனா மறுநாள் நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். கதவுக்குப் பின்னாடி தெனமும் அதுக்குத்தான் நின்னேன்."

அண்ணி மடித்த விரிப்பை அவன் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தாள். பிறகு அவனை உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் டீ போட உள்ளே போனாள்.